பொன்னாடைக்குப் பதில் புத்தகம்... சரி, எந்தப் புத்தகம்?

பொங்கல், பிறந்தநாள், பணி நிறைவு, புதுமனை புகுவிழா என எல்லாவற்றுக்கும் புத்தகம் கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. ஆய்வு நூல்களுக்கு அந்த வரிசையில் என்ன இடம்? கொடுப்பதால் யாருக்கு என்ன நடக்கிறது?

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு, சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே நுழைவதற்குள் பாதிப் பேருக்கு அலுத்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக ஸ்டால்கள். பட்டிமன்ற நடுவரின் குரல், டெல்லி அப்பளம் பொரியும் வாசனை, காணாமல்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பு எல்லாம் கலந்து வரும். பொன்னியின் செல்வனும் சமையல் புத்தகமும் அடுக்கிய இடங்களில் நிற்க வழியிருக்காது. இரண்டு வரிசை தள்ளிப் போனால் கல்வெட்டு, நாட்டார் வழக்காறு, அகராதி என்று தடித்த முதுகுகள் தெரியும் ஸ்டால். அங்கே கொஞ்சம் காற்றோட்டம் இருக்கும். சற்று நேரம் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழும்.

"அண்ணே, எங்க ஹெச்.எம். ரிட்டையர் ஆகுறாரு. ஸ்டாஃப் எல்லாம் சேர்ந்து குடுக்குறோம். ஆயிரம் ரூபாய்க்குள்ள நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"அவருக்கு எந்த ஊரு சார்?"

விலையைச் சொன்னால் ஊரைக் கேட்கிறாரே என்று வந்தவர் விழிப்பார். விற்பவருக்குத் தெரியும்: ஆய்வு நூலை விலை பார்த்துக் கொடுத்தால் அது ஷோகேஸுக்குப் போகும், ஆள் பார்த்துக் கொடுத்தால்தான் கைக்கு வரும்.

ஆய்வு நூல்கள் இப்போது பொதுப்பேச்சுக்குள் வந்திருக்கின்றன. 2024-ஆம் ஆண்டின் தமிழுக்கான சாகித்ய அகாடமி விருது நாவலுக்கோ கவிதைக்கோ போகவில்லை, ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற வரலாற்று நூலுக்குப் போனது. கீழடியைப் பற்றி டீக்கடையில் வாதம் நடக்கிறது. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களுக்குப் பிறகு, 'உண்மையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?' என்று கேட்காத வீடு குறைவு. பேச்சு இருக்கிறது. நூல்கள் எத்தனை பிரதி அச்சாகின்றன என்று பார்த்தால் கதை வேறு.

ஒரு கைமாற்றில் தொடங்கியது

1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த இளைஞர் உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என இவர் நீளமாக அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. பின்னர் அந்நூலின் பிரதி ஒன்றை அவரே தேடிக் கொடுத்தார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அதன் பின்னே வந்தன. தமிழ்ப் பதிப்புலகத்தில் இதைவிடப் பலன் தந்த ஒரு புத்தகப் பரிசு இருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

அச்சுக் கூலிக்குச் சாமிநாதையர் செய்த ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று ஊர் ஊராகப் பெரியவர்கள் பெயர் கொடுத்தார்கள். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று பதிப்பகங்கள் அறிவிப்பது அதைத்தான்.

அடுத்த தலைமுறைக்குப் புரவலர்கள் தேவைப்பட்டார்கள். சென்னைப் பள்ளி ஆசிரியரான ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வெளிவரப் பாண்டித்துரைத் தேவரும் மதுரைத் தமிழ்ச் சங்கமும் கைகொடுத்தார்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் மருந்து விற்ற காசிலேயே 'கருணாமிர்த சாகரம்' என்ற பேரிசை நூலை 1917-இல் கொண்டுவந்தார். விபுலாநந்தரின் 'யாழ் நூல்' 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வந்தது. பிறகு ஜமீனும் போனது, புரவலரும் போனார். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்ற, அரசு நூலகமே பெரிய வாடிக்கையாளர் ஆனது. 1,200 பிரதி அச்சடிப்பது, நூலக ஆணையை நம்பிக் காத்திருப்பது என்பது நெடுங்காலம் தமிழ்ப் பதிப்பின் வழக்கமாக இருந்தது.

■ பெட்டி: தெரிந்த பெயர், தெரியாத கணக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது; 1939-இல் அநுபந்தம். மொத்தச் சொற்கள் 1,24,000-க்கு மேல்.

பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த 'கலைக்களஞ்சியம்' 10 தொகுதிகள். 1954-இல் தொடங்கி 1968-இல் முடிந்தது.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் தொடங்கியது. நடத்துவது பபாசி என்ற பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம். காட்சியில் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடி இன்றுவரை மாறாத மரபு.

நெய்வேலியில் 1998-இலிருந்தும் ஈரோட்டில் 2005-இலிருந்தும் புத்தகத் திருவிழா. 2022 முதல் மாவட்டம்தோறும் அரசே நடத்துகிறது.

முன்னூறு பேர்

இன்று ஆய்வு நூல் 1,200 பிரதி அச்சாவது அபூர்வம். 500 என்றால் பதிப்பாளர் துணிச்சல்காரர். 300 என்பது சகஜம். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு ஐம்பது, நூறு என்றுகூடப் போடுகிறார்கள். இதைக் குறையாக மட்டும் சொல்ல முடியாது. குடோனில் கரையான் தின்ற காலம் போய், கேட்டவருக்குக் கேட்டபோது அச்சடித்துத் தர முடிகிறது. ஆனால் பிரதி குறையக் குறைய ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறும். விலை ஏறினால் மாணவர் வாங்க மாட்டார், ஜெராக்ஸ் எடுப்பார். அடுத்த பதிப்பு இன்னும் சிறியதாகும்.

இந்தக் கணக்கில்தான் பரிசு கொடுப்பவர் முக்கியமான ஆளாகிறார். பத்தாயிரம் பிரதி விற்கும் நாவலுக்கு நீங்கள் ஒருவர் வாங்குவது உறைக்காது. முன்னூறு அச்சான நூலை ஒரு பள்ளி ஆசிரியர் குழு பத்துப் பிரதி வாங்கினால், முப்பதில் ஒரு பங்கு போய்விட்டது. திருமணத் தாம்பூலப் பையில் போட ஒரு குடும்பம் இருநூறு வாங்கினால் அடுத்த பதிப்புக்கு அச்சகத்தில் பேச்சு தொடங்கிவிடும். எழுதியவருக்கு ராயல்டி பெரிதாகக் கிடைத்துவிடாது. தமிழில் கள ஆய்வு செய்பவர்களில் பலர் ஓய்வூதியத்தில் பேருந்து ஏறிக் கிராமம் கிராமமாகப் போகிறவர்கள். அவர்களுக்கு இரண்டாம் பதிப்பு என்ற சொல்லே சம்பளம்.

பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் பதிலாகப் புத்தகம் தாருங்கள் என்று மு.க. ஸ்டாலின் கேட்டுக்கொண்டது இந்தச் சந்தையில் ஓர் அசைவை உண்டாக்கியது. வந்த புத்தகங்கள் நூலகங்களுக்குப் போயின. கட்சி வேறுபாடின்றி மேடைகளில் இப்போது சால்வையோடு ஒரு புத்தகமும் வருகிறது. நல்லதுதான். ஆனால் அவசரத்தில் வாங்குகிறவர்கள் கைக்கு முதலில் எட்டுவதை எடுக்கிறார்கள். விளைவு, தமிழ்நாட்டில் கொஞ்சம் பிரபலமான எந்த மனிதரின் வீட்டிலும் திருக்குறள் மட்டும் ஓர் அலமாரி அடையும். வள்ளுவருக்கு நம் சிபாரிசு தேவையில்லை. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு நூலை வைத்திருக்கலாம்.

ஊரைக் கேட்டால் அகராதி

ஸ்டால்காரர் ஊரைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து ஆள் என்றால் கி. ராஜநாராயணனின் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'. பள்ளிக்கூடத்தைத் தாண்டாத ஒரு சம்சாரி, இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு, பல்கலைக்கழகங்கள் தொடாத ஒரு வேலையைக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு செய்தார். 1980-களில் வந்த அந்த நூல் மற்ற வட்டாரங்களுக்கும் வழி திறந்தது. ஈரோடு, நாமக்கல் என்றால் பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'. விருத்தாசலம், பண்ருட்டி என்றால் கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'. பிழைப்புக்காகச் சென்னையிலோ துபாயிலோ முப்பது ஆண்டு கழித்த ஒருவருக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். நடுவில் எங்கோ பிரித்து, "ஏய், இது எங்க ஆத்தா சொல்ற சொல்லு" என்று சத்தம் போடுவார். அவரே விடுபட்ட சொற்களை ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினால் பரிசு பலித்துவிட்டது.

பொது அகராதி வேண்டுமென்றால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் இரண்டாவது. மூன்றாவது பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. அதே மாதம் க்ரியா ராமகிருஷ்ணன் கொரோனாவில் மறைந்தார். இன்று நாம் பேசும், எழுதும் சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தரும் அகராதி அது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வாட்ச் வாங்கும் காசில் வாங்கிவிடலாம். பிள்ளை முகம் சுளிக்கலாம். கல்லூரியில் தமிழ்த் தட்டச்சு செய்யும்போது நன்றி சொல்லும்.

படிக்கவே நேரமில்லை என்று சொல்பவர்களுக்கும் ஆய்வு நூல் உண்டு. தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய 'அழகர் கோயில்' கனமானது. மதுரைக்காரர் அல்லாதவருக்கு அதிலிருந்து தொடங்குவது சற்றுக் கடினம். ஆனால் 1997-இல் வந்த 'அறியப்படாத தமிழகம்' நாலு பக்கம், ஐந்து பக்கக் கட்டுரைகள். உப்பு, எண்ணெய், தாலி, உணவு என வீட்டுக்குள் கிடக்கும் பொருளை எடுத்து அதன் பின்னாலிருக்கும் சமூகத்தைக் காட்டிவிடுவார். பேருந்தில் தாம்பரத்திலிருந்து கிண்டி வருவதற்குள் ஒன்று முடியும். ஆ. சிவசுப்பிரமணியன் உப்பை மட்டுமே வைத்து 'உப்பிட்டவரை', பனையை வைத்து 'பனை மரமே! பனை மரமே!' என்று முழு நூல்களே எழுதியிருக்கிறார். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்து நண்பருக்கு இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் அது வீட்டில் அப்பாவின் கைக்குப் போய்விடும், திரும்பி வராது. காப்பி இல்லாமல் காலை விடியாதவருக்கு வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' இருக்கிறது. ஆய்வு நூலென்றால் தூக்கம் வரும் என்ற வழக்கை இந்த ஒரு நூலே தள்ளுபடி செய்துவிடும்.

சோழர் காய்ச்சல் கண்டவர்களுக்குப் படிப்படியாகக் கொடுப்பதே நல்லது. கல்கியின் பொன்னியின் செல்வனை முடித்தவர் கையில் நேராக நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' இரண்டு தொகுதியைத் திணித்தால் மிரண்டுவிடுவார். கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்ற தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' நல்ல முதல் படி. தஞ்சைப் பெரிய கோயிலை ஒரு முறையாவது கைடு இல்லாமல் சுற்றிப் பார்த்தவருக்குக் குடவாயில் பாலசுப்ரமணியனின் 'இராஜராஜேச்சரம்'. அதன்பின் நொபொரு கராஷிமா. மன்னர்களை விட்டுவிட்டு நிலம் யாரிடம் இருந்தது, வரி யார் கட்டினார் என்று கல்வெட்டுகளை எண்ணிக் கணக்குப் போட்ட ஜப்பானியர் அவர். சினிமா பார்த்து வந்த ஆர்வம் அவரிடம் வந்து நின்றால், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியே சின்னதாகிவிடும்.

பெரிய கைக்குப் பெரிய பரிசு என்றால் ஐராவதம் மகாதேவனின் தொல்தமிழ்க் கல்வெட்டு நூல். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே குகைக் கல்வெட்டுகளைப் படித்தவர். 2003-இல் ஹார்வர்டும் க்ரியாவும் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் வெளியிட்டன. திருத்திய பதிப்பைப் பின்னர் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் கொண்டுவந்தது. கீழடிப் பானை ஓட்டில் கீறிய பெயரை எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்கும் பொறியியல் மாணவருக்கு இதுதான் பதில். கதையாக அல்லாமல் படங்களும் எழுத்து வடிவ அட்டவணைகளுமாக இருப்பதால், ஆங்கிலத்தில் தயங்குகிறவர்கூட உள்ளே போய்விடலாம்.

புத்தகமில்லாத அறிவுப் பரிசு

எல்லாருக்கும் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழுக்கு ஓராண்டுச் சந்தா கட்டலாம். 1987-இலிருந்து வருகிறது, மாதம் ஒரு முறை தபால்காரர் பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே ஒரு சந்தோஷம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் வடிவமைத்த காகித மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஒரு சாதாரண பைனாகுலரோடு க. ரத்னத்தின் பறவை நூலைச் சேர்த்துக் கொடுத்தால், பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளையே ஒரு கணக்காளர் ஆகிவிடும். 2015-இலிருந்து ஆண்டுதோறும் நடக்கிறது. யாரும் சேரலாம், வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம்.

நமக்குப் பிடித்தது வேறொன்று. இந்திய நில அளவைத் துறை தன் நிலவரைபடத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. 1:50,000 அளவில் ஊரணி, கோயில், வண்டிப்பாதை வரை குறித்திருக்கும். நண்பரின் சொந்த ஊர் விழும் தாளைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுங்கள். இந்தத் துணைக்கண்டத்தை அளந்த வேலை 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் போட்ட அடிக்கோட்டில்தான் தொடங்கியது என்ற கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

கடைக்காரர்கள் சொல்லாத சில வாசல்களும் உண்டு. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் வெளியீடுகள் விற்கும் மேசையைப் பார்ப்பதில்லை. இரண்டாம் சரபோஜி காலத்து வைத்திய முறைகளைச் சொல்லும் 'சரபேந்திர வைத்திய முறைகள்' வரிசை அங்கே வந்ததுதான். மராட்டிய அரண்மனைச் சமையலைப் பற்றிய சுவடியையும் அச்சிட்டிருக்கிறார்கள். சமையலில் ஆர்வமுள்ள மாப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெளியீடுகள், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வேடுகள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியங்கள் என அரசு நிறுவன நூல்களுக்கு அட்டைப்படம் அழகாக இருக்காது, விளம்பரம் இருக்காது, விலையும் இருக்காது. ஒரு பிரியாணி விலைக்குள் பல நூல்கள் அடங்கிவிடும்.

■ பெட்டி: வாங்குமுன் பின்பக்கம் திருப்புங்கள்

ஆய்வு நூலின் தரம் பின்னால் தெரியும். அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், பெயரடைவு மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள். நாட்டுடைமையான பழைய நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; சில பதிப்புகளில் ஆசிரியர் முன்னுரையும் அடைவும் காணாமல் போயிருக்கும். முதல் பதிப்பு ஆண்டைக் குறிப்பிடாத பதிப்பைக் கீழே வைத்துவிடலாம். பழைய நூலை ஸ்கேன் செய்து அச்சிட்டதென்றால் நடுவில் பத்துப் பக்கத்தைப் புரட்டி எழுத்து மங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம்.

தபால் செலவு என்ற வில்லன்

வெளியூருக்குப் பரிசு அனுப்புகிறவர்களுக்கு 2024 டிசம்பர் ஒரு கெட்ட மாதம். குறைந்த கட்டணத்தில் புத்தகம் போய்ச்சேர உதவிய பழைய பதிவுப் புத்தக அஞ்சல் அப்போது நின்றது. சிறு பதிப்பகங்கள் கலங்கின. இருநூறு ரூபாய் நூலுக்கு அதில் பாதி அனுப்புவதற்கே என்றால் யார் வாங்குவார்கள்? 2025 மே முதல் நாள் அஞ்சல் துறை 'க்யான் போஸ்ட்' என்ற பெயரில் ஒரு சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய். தரைவழிதான், நிதானமாகப் போகும். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். விளம்பரம் அடங்கிய வணிக வெளியீடுகள் ஆகாது. கவுன்ட்டரில் இருப்பவருக்கே சில சமயம் இது நினைவில் இருப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். மேலே சொன்ன நூல்களில் எதுவும் நீங்கள் தேடிப்போகும் நாளில் 'ஸ்டாக் இல்லை சார்' என்ற பதிலோடு நிற்கலாம். முன்னூறு பிரதி உலகத்தில் அது வாடிக்கை. பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே பதிப்பகத்துக்குப் போன் போடுங்கள். இல்லையென்றால் பெயரையும் நம்பரையும் கொடுத்து, எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லி வையுங்கள். கேட்டவர்கள் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஐம்பது சேர்ந்ததும் அச்சுக்கு அனுப்புகிற பதிப்பாளர்கள் இருக்கிறார்கள்.